துரைக்கு வைத்த கட்டஞ்சாயா

எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்த அந்தக் கல்லில் எங்கள் துறைத்தலைவர் விரலை வைத்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவித் தடவி வாசித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. பெயர் முழுதாகப் பிடிபட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். "அவருதான் மக்கா" என்றார்.

கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியொன்றில் நான் தமிழ் நடத்தத் தொடங்கியிருந்த காலம். சுனாமி வந்து போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. துறைத்தலைவராக இருந்த அம்மையாருக்கு அப்போது ஒரே பித்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரின் வாழ்க்கையை எழுதி முடிப்பது. கப்பலிலேயே தமிழ் எழுத்துகளைப் படித்துக்கொண்டு வந்து இறங்கியவர் அவர். ஊர் ஊராக நடந்து கதைப்பாடல்களைக் கேட்டெழுதி ஆங்கிலத்தில் பெயர்த்தார். காய்ச்சலுக்கு இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தார். மனைவி தாய்நாடு திரும்பிய பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். இவ்வளவு தமிழ்ப் பற்றுள்ளவருக்கு, நம்மவர்கள் செத்தவர்களுக்குப் படையல் வைப்பது மட்டும் பொறுக்கவில்லை. அறிவீனம் என்று பக்கம் பக்கமாகத் திட்டியிருக்கிறார். அவர் எங்கே இறந்தார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அருமனையில் ஒரு ரப்பர் தோட்டத்துக்குள் வெள்ளைக்காரன் கல்லறை இருப்பதாக ஒரு மாணவி சொல்லித்தான் போனோம். கல்லின் முன்னால் வாழையிலையில் பொரித்த மீன், சுருட்டு, கண்ணாடித் தம்ளரில் பால் விடாத கட்டஞ்சாயா.

"தொரைமாடன் சாமிக்கு வச்சதாக்கும். எங்க மாமியாருக்க காலத்துலயே உண்டு" என்றார் தோட்டத்துக்கார அக்கா.

துறைத்தலைவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அக்காவின் முகம் மாறியதைக் கண்டதும் பதறி, உள்ளதை அப்படியே சொன்னார். "படையல் வைக்கிறவங்கள அவரு கண்டபடி ஏசி எழுதியிருக்காரு அக்கா."

அக்கா சற்று யோசித்தார். "அன்னைக்கு வெவரம் தெரியாம எழுதியிருப்பாரு டீச்சரே. செத்த பொறவு தெரிஞ்சிருக்கும்லா?"

இந்தப் பதிலோடுதான் புத்தகத்தின் கடைசி அத்தியாயம் முடிந்தது. அச்சிட ஒப்புக்கொண்டிருந்த பதிப்பகத்தாருக்கு அது பிடிக்கவில்லை. அறிஞரைப் பேயாக்கிவிட்டதாகக் கோபப்பட்டு, அந்தப் பக்கங்களை எடுத்துவிடச் சொன்னார்கள். "செத்த பொறவு நடந்ததும் அவருக்க வாழ்க்கைதான்" என்று துறைத்தலைவர் கைப்பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எத்தனையோ ஆண்டு உழைப்பு அலமாரிக்குள் போனது. நான்கூட விட்டுக்கொடுக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன்; அவர் அசையவில்லை. பணி ஓய்வும் பெற்றுவிட்டார். அதன் பிறகுதான் சிறிய பதிப்பகம் ஒன்று ஒரு வரி குறைக்காமல் அதை வெளியிட்டது.

முதல் பிரதியை அருமனைக்குக் கொண்டுபோனோம். அக்கா வராந்தாவில் உட்கார்ந்து வாசித்தார். தன்னைப் பற்றிய பக்கங்களைத் தேடுவார் என்று நினைத்தேன். அவரோ நடுவில் ஓரிடத்தில் நின்றுவிட்டார்.

"அந்த ரெண்டு பிள்ளியளையும் எங்க அடக்குனாங்க?"

"தெரியலியே" என்றார் துறைத்தலைவர்.

"அப்பம் தகப்பனுக்கு மட்டும் வச்சா போருமா டீச்சரே?"

மறுநாள் காலையில் தொலைபேசி அடித்தது; துறைத்தலைவர்தான்.

"மக்கா, பத்மநாபபுரம் போற வழியில பழைய கல்லறைத் தோட்டம் ஒண்ணு கெடக்காம். நாளைக்கு லீவு போடுவியா?"

போட்டேன்.