மழைக்கால ரயிலை ஓட்டிய ராஜி டீச்சர்

ராஜி டீச்சர் இறந்துவிட்டார்...

இப்போதுதான் ஹட்டன் ஆஸ்பத்திரியிலிருந்து அவருடைய மகன் போன் பண்ணினான். மத்தியானம் நெஞ்சு வலி என்று கொண்டுபோயிருக்கிறார்கள். நாளை மறுநாள் அடக்கம்.

ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தப்பு இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு... வட்டவளைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் டீச்சர் அவர். அம்மாமார் கொழுந்து எடுக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை எங்களிடம்தான் விட்டுவிட்டுப் போவார்கள். நான் டீச்சருக்கு உதவியாள்.

அவரிடம் ஒரு ரயில் இருந்தது. வெறும் நைலான் கயிறுதான், பிள்ளைக்கு ஒரு முடிச்சு. முடிச்சைப் பிடித்தால் நீ பெட்டி, விட்டால் ரயில் நின்றுவிடும். முன்னால் டீச்சர் இன்ஜின், கடைசியில் நான் கார்டு.

பனிக்காலத்துக் காலையில் பிள்ளைகளின் வாயிலிருந்து வருவதுதான் இன்ஜின் புகை. யார் புகை பெரிது என்று சண்டை வேறு.

வெயில் நாட்களில் காய்ந்த இலை பொறுக்கி டிக்கெட். பெரிய இலை என்றால் கொழும்பு, சின்ன இலை என்றால் கினிகத்தேனை. கினிகத்தேனைக்கு ரயிலே கிடையாதே என்று நான் சொன்னால், "நம்ம ரயிலு போகும் சுமதி. நீ பேசாம விசில ஊது" என்பார்.

மழைக்காலத்தில் மட்டும் ரயில் மேட்டுக்குப் போகும். தண்ணீர் பிடிக்கும் பீலி, கொய்யா மரம், கடைசியில் கோயில் மண்டபம். அந்த மண்டபம்தான் எங்கள் ஹட்டன் ஸ்டேஷன்.

ஜூன் வந்துவிட்டால் அடிக்கடி ஹட்டன் போய் வருவோம். எதற்கென்று பிள்ளைகளுக்குத் தெரியாது. காம்பராவுக்குப் பின்னால் நிற்கும் மலையைப் பார்த்த பெரியவர்களுக்குத் தெரியும்.

ஒரு அப்பா ஒருநாள் சண்டைக்கே வந்துவிட்டார். "ஏங்க டீச்சர், அடுத்த வருஷம் ஸ்கூலுக்குப் போற புள்ள. எழுத்து சொல்லிக் குடுக்காம தெனம் ரயில் வுட்டுக்கிட்டு இருக்கீங்களே?"

"எழுத்தும் சொல்லித் தாரேண்ணே. மொதல்ல உங்க மக எத்தனாவது பெட்டின்னு கேளுங்க."

அவள் விரல் விட்டு எண்ணி ஏழு என்றாள். முன்னால் யார், பின்னால் யார், இன்றைக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை... எல்லாம் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். அந்த மனிதர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த வாரம் வந்து மறுபடியும் எழுத்து எங்கே என்று கேட்டார், அது வேறு கதை.

போன மழைக்காலத்தில் ஒருநாள்... பகல் தூக்கத்துக்குப் பாய் விரித்துக்கொண்டிருந்தோம். பின்பக்கத்துத் தண்ணீர் வடியும் கானில் திடீரென்று தண்ணீர் செம்மண்ணாக வந்தது.

டீச்சர் அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கயிற்றை எடுத்தார்.

"எல்லாரும் வாங்க, ரயிலு பொறப்படுது! இன்னைக்கு எக்ஸ்பிரஸ், எங்கயும் நிக்காது!"

கைக்குழந்தை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நான் கடைசியில். கொய்யா மரத்தடியில் ஒரு பொடியன் முடிச்சை விட்டுவிட்டு நின்றுகொண்டான். எக்ஸ்பிரஸ் என்றாலும் அவனுடைய டிக்கெட்டைப் பார்க்க வேண்டுமாம். எனக்கு உயிரே போய்விட்டது.

டீச்சர் திரும்பி வந்தார். கொட்டுகிற மழையில் அவனுடைய வெறும் கையைப் பிடித்துப் பார்த்து, "சரி, செல்லும். ஏறுங்க சார்" என்றார்.

மண்டபத்தில் ஏறி எண்ணினோம். எல்லாப் பெட்டியும் இருந்தது. காம்பராவின் சமையலறைச் சுவர் வரை மலை மண் சரிந்து இறங்கியிருந்ததைப் பிறகுதான் வந்து சொன்னார்கள்.

பிள்ளைகள் மறுபடியும் எப்போது போகலாம் என்று குதித்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் தூணுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார்.

முதுகைத் தடவிக்கொடுத்தேன். "எனக்கு மழைன்னாலே ஈரக்கொல நடுங்கும் சுமதி. புள்ளைங்ககிட்ட சொல்லிறாத" என்றார்.

இன்றுதான் வெளியே சொல்கிறேன். அந்தப் பிள்ளைகள் யாரும் பேஸ்புக் வாசிக்க மாட்டார்கள் என்ற தைரியம்தான்.

மண்ணை அள்ளினார்கள், சுவரைப் பூசினார்கள். வேறு இடம் தருவதாகச் சொன்னார்கள்... இன்னும் அதே கட்டடம்தான்.

நேற்றிலிருந்து மழை. நாளைக்குக் காம்பராவைத் திறக்க வேண்டியது நான். வேறு ஆள் அனுப்புவதாக ஆபீஸில் சொல்கிறார்கள், எப்போது என்று சொல்லவில்லை.

கொஞ்சம் முன்னால் ஒரு பிள்ளையின் அம்மா போன் பண்ணினாள்.

"அக்கா, நாளைக்கு புள்ளைய அனுப்பவா? வூட்ல வச்சிக்கிட்டாலும் லயத்துக்குப் பின்னாடி அதே மலதான் இருக்கு..."

"அனுப்பு."

"மழ கூடிருச்சுன்னா?"

"ஹட்டன் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்."

"சரிக்கா" என்று வைத்துவிட்டாள். அவ்வளவுதான். நம்பிவிட்டாள்.

எப்படி அப்படிச் சொன்னேன் என்றே தெரியவில்லை... நான் எப்போதும் கடைசியில் வந்தவள். எனக்கு முன்னால் போகிற பிள்ளைகளின் தலையை எண்ணிக்கொண்டே நடந்துதான் பழக்கம். முன்னால் நான் போனால் பின்னால் யார் நின்றுவிட்டார்கள் என்று யார் பார்ப்பது?

காலையில் பிள்ளைகள் வந்ததும் உங்களைத்தான் தேடுவார்கள், டீச்சர். என்ன சொல்வது என்றாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

போயிட்டு வாங்க... எனக்குப் பயமாக இருக்கிறது.