பதினொரு கரிக்கோடுகள்

மண்சரிவில் வீடொன்று புதைந்த செய்தியை அம்பிட்டிய பஸ்ஸில் வாசித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. அரசின் மண்சரிவு அபாய வரைபடம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது. வீட்டுச் சுவரில் வெடிப்பு விழுந்தவர்கள் அதில் தாங்களே பதிந்தால் என்ன? நண்பர்கள் நால்வர் இரண்டே வாரத்தில் தளத்தைக் கட்டிவிட்டோம்.

அதைக் காட்டத்தான் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்கள் வாழும் லயத்துக்குப் போனேன். கொழுந்துக் கறை படிந்த விரல்களோடு ஓர் அக்கா. தினமும் காலையில் சுவர் வெடிப்பு முடியும் இடத்தில் கரியால் ஒரு கோடு இழுப்பாராம். பதினொரு கோடுகள் மேலேறியிருந்தன.

என் போனை வாங்கித் தட்டினார்.

"வீட்டு நம்பர், தெரு பேரு கேக்குதே தம்பி. எங்களுக்கு ஏது? கடுதாசியே தோட்டத்து ஆபீசுக்குத்தான் வருது."

"சும்மா ஏதாவது போடுங்கக்கா."

"பொய் நம்பர் போட்டா, நாளைக்கு வர்றவங்க எங்கன்னு தோண்டுவாங்க?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்னும் விளங்கவில்லை.

அன்றே அந்த இரண்டு கட்டங்களையும் நீக்கினோம். இப்போது ஒரு படம் போதும். இடத்தை போனே சொல்லிவிடும். முதல் பதிவு அவருடைய சுவர்தான். மண்சரிவைக் கவனிக்கும் அதிகாரிகள் யாரும் அதை இன்னும் திறந்து பார்க்கவில்லை. மழையோ விடவில்லை. நாளை காலை அந்தப் படத்தை அச்சிட்டு, அவர்கள் மேசையில் நானே கொண்டுபோய் வைக்கப் போகிறேன்.