வவுச்சர் கிடைத்த லவாண்டா

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் லவாண்டா, தன் மகளோடு எங்கள் பக்கத்து வீட்டில் குடியிருந்தாள். அந்த வீடு கைமாறியதும் புது முதலாளி அவளைக் காலி செய்யச் சொன்னான். அந்தச் சமயத்தில்தான், பல வருடக் காத்திருப்புக்குப் பின் அவளுக்கு அரசின் வாடகை வவுச்சர் வந்தது. வாடகையில் பெரும்பங்கை அரசே கட்டிவிடும். ஆனால் கெடுவுக்குள் வீடு பிடிக்காவிட்டால் வவுச்சர் செல்லாது.

வவுச்சர் என்ற சொல்லைக் கேட்டதுமே வீட்டுக்காரர்கள் போனை வைத்தார்கள். கடைசியில், தேவாலயத்தில் தன்னோடு சேர்ந்து பாடும் எர்னஸ்டீனிடம் போனாள். எர்னஸ்டீன் வீட்டு மாடி காலியாக இருந்தது.

"சிஸ்டர், என்னை உங்களுக்குத் தெரியாதா?"

"உன்னைத் தெரியும்மா. வவுச்சர் கும்பலையும் தெரியும். வீட்டையே நாறடிச்சிட்டுப் போயிடுவீங்க."

"நீங்களும் அரசாங்கக் குடியிருப்புலதானே வளர்ந்தீங்க?"

"அதனாலதான் சொல்றேன். அந்த லட்சணத்தைக் கண்ணால பார்த்தவ நான்."

கெடு முடிந்தது. வவுச்சர் வேறொருவருக்குப் போயிற்று. லவாண்டாவும் மகளும் தேவாலய வாசலில் நிறுத்திய காரிலேயே படுத்தார்கள்; முகம் கழுவவும் ஒதுங்கவும் தேவாலயக் கழிப்பறைதான்.

ஞாயிறன்று எர்னஸ்டீன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, வீடற்றவர்களுக்காகக் கண்ணீர்விட்டு ஜெபித்தாள். லவாண்டா எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னாள். அந்தக் கழிப்பறையின் சாவி எர்னஸ்டீனிடம்தான் இருந்தது.