அடி வெட்டப்பட்ட வாளி

பரஞ்சோதி மலாயாவில் லூனாஸுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துக்காரன். சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்பள்ளியில் தகரவேலையும் வரைபடமும் படித்தான். அக்கா புஷ்பவள்ளி ரப்பர் மரத்தில் பால் வெட்டி அவனைப் படிக்கவைத்தாள். அவர்கள் இருவர்தான் குடும்பம்.

படிப்பு முடியும் வருடம் பள்ளியில் கண்காட்சி வைப்பார்கள். மாணவர்கள் செய்த பொருள்களைப் பார்க்கக் கம்பெனிக்காரர்கள் வருவார்கள். பிறை என்ற ஊரில் வாளியும் அண்டாவும் செய்யும் ஒரு தொழிற்சாலை, தன் வரைபட அறைக்கு ஓர் ஆளை அங்கிருந்துதான் எடுக்கும். அந்த இடம் கிடைக்காவிட்டால் பரஞ்சோதி தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும். தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி, பால் வெட்ட ஒரு நிரை மரங்களை அவனுக்காகக் காலியாகவே வைத்திருந்தார். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும், "எப்ப வர்றே?" என்று கேட்பார்.

அவன் செய்தது பால் வாளி. சாதாரண வாளியில் சுவரும் அடியும் சேரும் மூலையில் பால் உறைந்து பிடித்துக்கொள்ளும். பெண்கள் அதை நகத்தால் சுரண்டுவார்கள். அக்காவின் நகக்கண் எப்போதும் புண்ணாக இருக்கும். பரஞ்சோதி உள்ளே மூலையே இல்லாமல், சட்டிபோல உருண்ட அடி வைத்தான். உருண்ட வாளி தரையில் நிற்காது. அதனால் கீழே இன்னொரு தட்டையான அடியைப் பற்றவைத்தான். இரண்டு அடிகளுக்கும் நடுவில் வெற்றிடம்.

கண்காட்சிக்கு முந்தைய நாள் அதை அக்காவிடம் காட்ட எடுத்து வந்தான். அவள் உள்ளே கைவிட்டுச் சுற்றிலும் தடவினாள்.

"வழுவழுன்னு இருக்குடா. எனக்கு ஒண்ணு செஞ்சு குடு."

"கம்பெனி செய்யும்க்கா. எல்லாருக்கும்."

"முதல்ல வேலை கிடைக்கட்டும்டா."

அது அவசரகாலம்; வெள்ளைக்கார அரசாங்கம் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. தோட்டத்து வீடுகளையெல்லாம் பிடுங்கி ஒரே இடத்தில் நட்டு, சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். ஒரே வாசல். உள்ளே வருகிறவர்களை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. வெளியே போகிறவர்களைத்தான் சோதிப்பார்கள். காட்டில் இருப்பவர்களுக்கு ஒரு பிடி அரிசி போய்விடக்கூடாது. பால் வெட்டப் போகும் பெண்களின் கொண்டையைக்கூட அவிழ்த்துப் பார்ப்பார்கள். வேலிக்குள் வளர்ந்த ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியும், உள்ளே வெற்றிடம் உள்ள எதையும் அந்த வாசலுக்குக் கொண்டு போகக்கூடாது என்று. பட்டறையில் இருந்த மாதங்களில் பரஞ்சோதிக்கு அது மறந்துவிட்டது. அவனுக்கு அது வாளி, அவ்வளவுதான்.

காலையில் வாசலில் இருளப்பன் நின்றிருந்தான். இதே தோட்டத்தில் பால் வெட்டியவன். இப்போது காக்கி உடுப்பும் துப்பாக்கியும்.

"என்ன இஞ்சினியரு, வாளியத் தூக்கிட்டு? பாலுக்கா, பரீட்சைக்கா?"

"கண்காட்சிக்குண்ணே. பஸ்ஸு வந்துரும், விடுங்க."

இருளப்பன் சிரித்தபடியே துப்பாக்கிக் கட்டையால் வாளியின் அடியைத் தட்டினான். டொம் என்றது. சிரிப்பு நின்றது. இன்னொரு முறை தட்டினான்.

"என்னடா இது?"

"ஒண்ணுமில்லண்ணே. காத்து."

"காத்தை எதுக்குடா அடைச்சு வச்சிருக்கே?"

பரஞ்சோதி அவசரமாகச் சொன்னான். உருண்ட அடி, தட்டை அடி, அக்காவின் நகம். சொல்லச் சொல்ல அது பொய்போல அவனுக்கே கேட்டது. பின்னால் வரிசை நீண்டது. ஒரு பெண், "எங்க கொண்டைய அவுக்கிறீங்கள்ல, அவன் வாளியையும் அவுத்துப் பாருங்க!" என்று கத்தினாள். சிலர் சிரித்தார்கள்.

இருளப்பன் குரலைத் தாழ்த்தினான். "போன வாரம் செர்டாங் பக்கம் சைக்கிள் டியூப்புல அரிசி எடுத்தாங்க. விட்ட காவல்காரன் இப்ப உள்ள இருக்கான். உன்னை எனக்குத் தெரியும். உன் வாளியத் தெரியாது லா. ஸ்டேஷனுக்குப் போய் இன்ஸ்பெக்டர் ஐயா வர்ற வரைக்கும் காத்திரு. இல்லே, இங்கயே திற."

ஐயா மத்தியானம்தான் வருவார். பஸ் சாலை வளைவில் ஹாரன் அடித்தது.

பரஞ்சோதி பையிலிருந்து உளியையும் தகரக் கத்தரியையும் எடுத்தான்.

"நீங்க வெட்டுனா கோணிரும்ணே. நானே வெட்டறேன்."

மண்ணில் மண்டியிட்டு, கீழ்த்தட்டின் நடுவில் உளியால் ஓட்டை போட்டு, வட்டமாக வெட்டிக்கொண்டு போனான். விளிம்புவரை வெட்டினால் பற்று விட்டுப்போகும். ஒரு விரல் அகலம் விட்டு வெட்டினான். தகடு கழன்று விழுந்தது. இருளப்பன் குனிந்து பார்த்தான். காற்றுதான் இருந்தது.

"போ, போ. ஓடு."

பஸ் நகர்ந்துவிட்டது. ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துத் தொற்றினான். தகரம் கிழித்த கையில் ரத்தம்.

கண்காட்சியில் மேசைமேல் வாளியை வைத்தபோதுதான் கவனித்தான். அது ஆடாமல் நின்றது. மிச்சமிருந்த வளையமே போதும். முழு அடி தேவையே இல்லை. இரண்டு மாதம் வரைந்தும் இது அவனுக்குத் தோன்றவில்லை. அவனுக்கு எரிச்சலாக வந்தது. மேசைக்கு முன்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

பிறைத் தொழிற்சாலைக்கு ஆள் எடுக்க வந்தவர் ஜக்கரியா. அதன் பங்குதாரர்களில் ஒருவர். வாளியைக் கவிழ்த்தார்.

"அடி எங்க தம்பி?"

"தோட்டத்து கேட்டுல வெட்டச் சொன்னாங்க, முதலாளி."

அவர் வளையத்துக்குள் விரல்விட்டு உருண்ட அடியைத் தட்டிப் பார்த்தார். "வெட்டுனது நல்லதாப் போச்சு. இரட்டை அடி வாளிய இப்ப எந்தத் தோட்டத்துத் தொரை வாங்குவான்? இது கவுத்தா எல்லாம் தெரியுது. தகரமும் மிச்சம்." வாளியை நிமிர்த்தி வைத்தார். "வாளிய வச்சுட்டுப் போ. செஞ்சு பாக்கறோம்."

"என்னை?"

"வரைபட அறைக்குத் தர்மலிங்கத்தை எடுத்தாச்சு. அவன் கோடு சுத்தமா இருக்கு. உனக்கு அடுத்த வருஷம் பாப்போம்."

இரண்டு மேசை தள்ளி நின்ற தர்மலிங்கம் வேறு பக்கம் பார்த்தான். பரஞ்சோதி வாளியை எடுத்துக்கொண்டான்.

"வாளி வேணும்னா நானும் வரணும்."

"ஆள் எடுத்தாச்சுன்னு சொன்னேன்ல?"

"பட்டறையில?"

"அங்க தகரம் வெட்டற வேலை. இதுக்கா படிச்சே?"

"இந்த வாளிய முதல்ல நான்தான் செய்யணும். அப்புறம் எதை வெட்டச் சொன்னாலும் வெட்டறேன்."

ஜக்கரியா அவன் கையைப் பார்த்தார். ரத்தம் காய்ந்திருந்தது.

"வாய் இருக்கு உனக்கு. சரி, திங்கக்கிழமை வா."

"இன்னிக்கே வர்றேன், முதலாளி."

"வீட்டுல சொல்ல வேணாமா?"

"போனா மறுபடி வெளிய விடுவாங்களான்னு தெரியாது. இங்கேருந்து அக்காவுக்குச் சொல்லி அனுப்பிருவேன்."

அவர் லாரி நிற்கும் பக்கம் கையைக் காட்டினார். பரஞ்சோதி பின்பக்கத்தில் ஏறினான். மாற்றுத்துணி இல்லை. அவன் ஊரில் காணாமல் போகிறவனைக் காட்டுக்குப் போனவன் என்றுதான் போலீஸில் எழுதுவார்கள். அது நினைவுக்கு வந்தபோது லாரி கிளம்பியிருந்தது. அவன் வாளியைக் காலுக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு, அக்காவுக்குச் சொல்லி அனுப்ப, தோட்டத்துப் பக்கம் போகும் ஆள் யாராவது தெரிகிறாரா என்று சாலையின் இரண்டு ஓரத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.