எனக்கு எழுதிய மாத்திரை

பசியை அடக்கும் மாத்திரையை எழுதித் தந்தபோதே டாக்டர் எச்சரித்திருந்தார்: பிரஷர் ஏறலாம், நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்துங்கள். எனக்கு எதுவும் ஆகவில்லை. துர்கா பூஜைக்கு முந்தின வாரம், பவானிபூரில் மெட்ரோ படி ஏறும்போது என் தங்கைதான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கை சில்லிட்டிருந்தது, நாடி தறிகெட்டு ஓடியது.

"திட்டாதேக்கா. உன் மாத்திரையைத்தான் நானும் பத்து நாளா போட்டுக்கறேன். பூஜைக்குள்ள கொஞ்சம் இளைக்கலாம்னு..."

அவளுக்கு ஏற்கெனவே பிரஷர் உண்டு. இன்னொரு நாளாயிருந்தால் அறைந்திருப்பேன். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை டாக்சியில் அவள் மணிக்கட்டை விடவில்லை. பிழைத்துக்கொண்டாள். மாத்திரை அட்டை சீக்கிரம் காலியாவதை நான் முன்பே கவனித்திருந்தேன். வீட்டில் யாரோ எடுக்கிறார்கள் என்று டாக்டரிடம் சொன்னால் மாத்திரையையே நிறுத்திவிடுவாரே என்று வாயைத் திறக்கவில்லை. அப்போதுதான் என் எடை குறையத் தொடங்கியிருந்தது.