ஃபெர்ஜானி கடலுக்குப் போன நாள்

ஓடிக்கொண்டிருக்கும் படகு எஞ்சினின் பக்கவாட்டிலிருந்து பீச்சும் தண்ணீரில் முதலில் உள்ளங்கையை நீட்டுவார் ஃபெர்ஜானி. சூடு பார்ப்பார், வேகம் பார்ப்பார். அதுவரைக்கும் படகுக்காரன் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, எஞ்சினை நிறுத்திவிட்டு, "ம், இப்பச் சொல்லு" என்பார்.

சொல்வதற்கும் சட்டம் உண்டு. "கார்புரேட்டர்ல அழுக்கு அண்ணே" என்று யாராவது ஆரம்பித்தால் கையை உயர்த்தித் தடுத்துவிடுவார். "காரணத்தை என்கிட்ட விட்டுடு. அது என்ன பண்ணுச்சு, எப்பப் பண்ணுச்சு, அத மட்டும் சொல்லு."

கெர்கென்னா தீவில், அத்தாயா துறைமுகச் சுவரை ஒட்டியிருக்கிறது அவருடைய பட்டறை. எஞ்சின்களைக் குதிரைச் சக்தியை வைத்துத்தான் கூப்பிடுவார். "எட்டு இன்னிக்கு சமத்தா இருக்கான். நாப்பதுக்குத்தான் இருமல்." மதியம் ரொட்டிக்குள் ஹரிசா மிளகாய் விழுதும் ஆலிவ் எண்ணெயும் சூரை மீனும் வைத்து, கிரீஸ் ஒட்டாமல் காகிதத்தில் பிடித்துச் சாப்பிடுவார். எவ்வளவு ஜாக்கிரதையாகப் பிடித்தாலும் விரல் பட்டுவிடுகிற கடைசித் துண்டு பூனைக்குப் போகும். அந்தப் பூனைகளுக்குப் பெட்ரோல் வாசனை இல்லாத ரொட்டி பிடிக்காது என்று ஊரில் சொல்வார்கள்.

ஊரில் சொல்வது இன்னொன்றும் உண்டு. "ஃபெர்ஜானி குளிக்கிறப்ப வாளித் தண்ணி ஆடினாலே வாந்தி எடுத்துருவாரு." பாதி உண்மை. மீனவர் மகன்தான், ஆனால் படகு கரையை விட்டுக் கொஞ்சம் நகர்ந்தாலே அவருக்கு வயிறு புரளும். பேரீச்ச மட்டைகளைக் கடலில் நட்டு மீனை வளைக்கும் வேலிக்கு அப்பா அவரை ஏதோ சில முறை கூட்டிப்போய்ப் பார்த்தார். பிறகு தலையில் அடித்துக்கொண்டு, ஸ்பானரைப் பிடி என்று விட்டுவிட்டார். அதனால் ஃபெர்ஜானியின் சோதனையெல்லாம் பட்டறை வாசலில் இருக்கும் இரும்புப் பீப்பாயில்தான். அதில் கடல் தண்ணீரை நிரப்பி, எஞ்சினை மாட்டி, தன்னுடைய பெட்ரோல் டேங்கையே இணைத்து ஓட்டிப்பார்ப்பார். பீப்பாயில் ஓடினால் கடலிலும் ஓடும் என்பது அவர் கணக்கு.

அந்தக் கணக்கு போன இலையுதிர் காலத்தில் பிசகியது. கணவாய் மீன் பருவம் தொடங்கிய நேரம். பெஷீர் தன்னுடைய பதினைந்தைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மெதுவாப் போனா போகுதுண்ணே. முறுக்கினா கொஞ்ச நேரம் பறக்குது, அப்புறம் மூச்சு முட்டுற மாதிரி இறங்கி நின்னுடுது. சும்மா உக்காந்துட்டு மறுபடி இழுத்தா கிளம்புது."

ஃபெர்ஜானி ப்ளக்குகளை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பீப்பாயில் எஞ்சின் ராகம் பாடியது. பெஷீர் எடுத்துப் போனான். மறுநாளே திரும்பி வந்தான். மறுபடி எல்லாவற்றையும் கழற்றினார். மறுபடி பீப்பாயில் ராகம், கடலில் மூச்சுமுட்டல்.

அன்று சாயங்காலம் காபிக்கடையில் எல்லோரும் கேட்க பெஷீர் கத்திவிட்டான். "எஞ்சின்ல ஒண்ணும் இல்ல. என் டேங்குல யாரோ தண்ணி ஊத்துறான். யாருன்னும் எனக்குத் தெரியும்."

அவன் பார்வை போன இடத்தில் சீட்டாடிக்கொண்டிருந்தவன் ஹேதி, பெஷீரின் மனைவி சொஹ்ராவின் தம்பி. இருவருக்கும் மீன் வேலியின் எல்லை விஷயமாகக் கோடையிலிருந்தே உரசல். ஹேதி சீட்டைக் கவிழ்த்து வைத்தான். "மச்சான், வாய அளந்து பேசு" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான். மறுநாளிலிருந்து சொஹ்ரா புருஷனுக்கு ரொட்டியை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள் என்று செய்தி வந்தது. பெஷீர் தூண்டில்காரர்களிடம், ஹேதி துறையில் இருக்கும்வரை யாரும் டேங்கைப் படகில் விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று சொல்லித் திரிந்தான்.

இதையெல்லாம் கேட்ட அன்று ஃபெர்ஜானிக்கு ரொட்டி இறங்கவில்லை. ஹேதி தண்ணீர் ஊற்றினானோ இல்லையோ, எஞ்சின் தன் கையிலிருந்து இரண்டு முறை சரியாகாமல் போயிருக்கிறது. தன்னால் கண்டுபிடிக்க முடியாத ஒன்றுக்கு இன்னொருவன் பேர் வைக்கப்பட்டுவிட்டது. மறுநாள் காலையில் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பையில் போட்டுக்கொண்டு பெஷீரின் படகில் போய் உட்கார்ந்தார். துறையே வேடிக்கை பார்த்தது.

"அண்ணே, நீங்களா?"

"வாயப் பொத்திக்கிட்டு ஓட்டு."

கடல் அமைதியாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலிகளைத் தாண்டியதுமே ஃபெர்ஜானியின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "முறுக்கு" என்றார். பெஷீர் முறுக்கினான். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. கொஞ்ச தூரம். பிறகு எஞ்சின் விக்கியது, இறங்கியது, நின்றது.

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" பெஷீரின் குரலில் கிட்டத்தட்ட சந்தோஷம்.

ஃபெர்ஜானி படகின் ஓரத்தில் குனிந்து வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்தார். வாயைக் கொப்பளித்தார். எலுமிச்சையை ஒரு கடி கடித்துக்கொண்டு, டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவில் குழாயில் இருக்கும் ரப்பர் பந்தைத் தேடிப் பிடித்தார். அது பெட்ரோல் நிறைந்து உப்பியிருக்க வேண்டும். சப்பிப் போட்ட பேரீச்சம்பழம் மாதிரி ஒட்டிக் கிடந்தது.

அதை ஒருமுறை அமுக்கிப் பார்த்தார். பிறகு டேங்கின் மூடியைத் திருகினார். உஸ்ஸென்று காற்று உள்ளே ஓடியது. அவர் விரலடியில் ரப்பர் பந்து மெல்ல உப்பியது.

"இழு."

எஞ்சின் ஒரே இழுப்பில் கிளம்பியது. மூடியைத் தளர்த்தி வைத்தபடியே முழுவேகத்தில் ஒரு பெரிய வட்டம் போட்டார்கள். விக்கல் இல்லை. நிறுத்தச் சொல்லி, ஃபெர்ஜானி மூடியை வெளிச்சத்தில் பிடித்தார். காற்று போகும் சின்ன ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் கெட்டியாகச் சிவப்புச் சாயம். டேங்க் முழுக்கவே புதுச் சிவப்பு.

"எப்ப அடிச்ச இத?"

பெஷீர் விரலால் சாயத்தைச் சுரண்டினான். "நானும் ஹேதியும் ஒரே மாதிரி டேங்க் வாங்கினோம்ணே. வேலித் தகராறு வந்தப்புறம், மாத்தி எடுத்துட்டுப் போயிருவானோன்னு..."

"டேங்குக்குள்ள காத்து போகாட்டி பெட்ரோல் எப்படிடா வரும்? குடிக்கக் குடிக்கத் தொண்டையப் பிடிச்ச மாதிரிதான்."

கரை நெருங்கியபோது பெஷீர் வேகத்தைக் குறைத்தான். "அண்ணே, கரையில கேப்பாங்க. கொஞ்சம் தண்ணி கலந்திருந்துச்சுன்னு சொல்லிடுங்க. யாரு கலந்தான்னு சொல்ல வேண்டாம்."

"தண்ணி இல்லையேப்பா."

"ஒரு வார்த்தைதானேண்ணே."

"ஒரு வார்த்தையிலதான் அவன் அயோக்கியன் ஆனான்."

துறைச் சுவரில் பாதி ஊர் நின்றிருந்தது. கடைசியில், கைகளைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு ஹேதி. ஃபெர்ஜானி எழுந்து நின்றார். "பெட்ரோல் சுத்தம். ஒரு சொட்டுத் தண்ணி கிடையாது. மூடியில காத்து ஓட்டை அடைச்சிருந்துச்சு. பீப்பாயில என் டேங்க மாட்டி ஓட்டிப் பாத்துட்டு, இவன் டேங்கத் திரும்பிக்கூடப் பாக்கல. தப்பு என்னோடது."

யாரோ சிரித்தார்கள். யாரோ ஓட்டை எப்படி அடைபட்டது என்று கேட்டார்கள். ஃபெர்ஜானி படகின் முனையில் கிடந்த, கரையில் கட்டும் கயிற்றை எடுத்து பெஷீரின் கையில் கொடுத்து, ஹேதி நின்ற பக்கம் தாடையை நீட்டினார்.

பெஷீர் எறிந்தான். கயிறு ஹேதியின் காலடியில் விழுந்தது. ஹேதி குனியவில்லை. கயிறு மெல்ல வழுக்கித் தண்ணீருக்குள் இறங்கியது.

"ஹேதி," என்றான் பெஷீர். "சாயம் நான் அடிச்சதுதான்டா."

ஹேதி கைகளைப் பையிலிருந்து வெளியே எடுத்தான்.

ஃபெர்ஜானி நனைந்த கயிற்றை இழுத்து, நிதானமாகச் சுருட்டி, மறுபடி பெஷீரின் கையில் வைத்தார்.