யூலியா மொழிபெயர்த்த ‘ஓம்’

நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். இடம் பதினெட்டுப் பேருக்குத்தான். 2006 நவம்பரில் ஒரு வார இறுதி. ஒஸ்லோவுக்கு வடக்கே, காட்டோர விடுதி ஒன்றில், மாணவர்களை ஒரு வருடம் வெளிநாட்டில் படிக்க அனுப்பும் அமைப்பு ஆட்களைத் தெரிவு செய்துகொண்டிருந்தது. ஹவுகெட்டோவிலிருந்து வந்த பதினாறு வயது யூலியா கேட்டிருந்த நாடு பொலிவியா. அங்கே தமிழ்க் குடும்பம் ஒன்றுகூட இல்லை என்று இணையத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. எட்டு வயதிலிருந்து வீட்டின் நோர்வேஜிய மொழி அவள்தான். அப்பா பிலேந்திரன் ஸ்தவாங்கரில் ஹோட்டல் சமையல்காரர். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவார். அம்மா ஞானமலருக்கு முதியோர் இல்லமொன்றின் சலவைக் கூடத்தில் வேலை. பெரிய இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் கதைப்பதில்லை. பதினைந்து வருடமாகியும் அம்மாவின் நோர்வேஜிய மொழி ‘காலை வணக்கம்’, ‘நன்றி’யைத் தாண்டி அதிகம் போகவில்லை. டொக்டர், வங்கி, நகரசபைக் கடிதம் எல்லாவற்றுக்கும் யூலியா. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் சந்திப்புக்கும் அவளேதான் மொழிபெயர்ப்பாளர். “இவள் கணக்கில் கவனமில்லை” என்று ஆசிரியர் சொன்னதையும் ஒரு சொல் விடாமல் தமிழில் சொல்லி, அங்கேயே அடியும் வாங்கப் பார்த்தவள்.

சனிக்கிழமை ஒரு சீட்டு விளையாட்டு வைத்தார்கள். வாய் திறக்கக் கூடாது. மேசைக்கு மேசை விதி மாறும், மாறியது யாருக்கும் சொல்லப்படாது. மற்றவர்கள் திணறினார்கள், இரண்டு பேர் சீட்டை எறிந்தார்கள். யூலியா மேசை மாறியதும் ஒரு சுற்று சும்மா பார்ப்பாள், பிறகு விளையாடுவாள். சுவரோரம் நின்ற தெரிவாளர்கள் எழுதிக்கொண்டார்கள்.

இரவுச் சாப்பாட்டில் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து வந்த ஆரணி பக்கத்தில் வந்து இருந்தாள். இருவரும் ஒரே தமிழ்ப் பள்ளி, கேட்டிருந்ததும் ஒரே நாடு.

“பொலிவியாவுக்கு ரெண்டு தலைநகரமாம். அப்பா ரெண்டையும் பாடமாக்க வைச்சவர். ஆறு, மலை, சனத்தொகை, எல்லாம். இஞ்சை ஒருத்தரும் கேக்கேல்லையடி!”

“என்ன கேட்டவை?”

“கடைசியா எப்ப அழுதனீ எண்டு.” ஆரணி உருளைக்கிழங்கைக் குத்தினாள். “நாளைக்கு தாய் தகப்பன்மார் வருகினம். உன்ர அம்மா ஓம் எண்டுவாவோ?”

“ஓம் எண்டுதான் சொல்லுவா. அதுதான் பயம்.”

ஆரணிக்கு விளங்கியது. அவர்கள் வீடுகளில் வெளி ஆட்களின் முகத்துக்கு நேரே ‘இல்லை’ சொல்வது மரியாதையில்லை. அங்கே ஓம், வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் தீர்ப்பு. போன வருடம் பள்ளிப் பனிச்சறுக்குப் பயணத்துக்கும் அம்மா ஆசிரியரிடம் சிரித்துச் சிரித்து ஓம் சொன்னவர்தான். யூலியா போகவில்லை.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு ஞானமலர் ரயிலும் பஸ்ஸும் மாறி, தெரிவாளர்களுக்கென்று ஒரு பெட்டி மீன் ரோல்ஸோடு வந்து சேர்ந்தார். பெரித் என்ற தெரிவாளர் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, படிவத்தைத் திறந்தார். குடும்பத்துக்குப் பதினைந்து நிமிடம்.

“யூலியா ஒரு வருடம் இல்லாமல் உங்களால் சமாளிக்க முடியுமா?”

யூலியா தமிழில் கேட்டாள்.

“ஓம், ஓம், அதுக்கென்ன,” என்று ஞானமலர் பெரித்தைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு மாறாமலே மகளிடம், “வீட்டை போய்க் கதைப்பம்” என்றார்.

பெரித் பேனாவோடு காத்திருந்தார். ஒரு ‘யா’, அதாவது ஓம், போதும். படிவத்தின் கட்டத்தில் சரி விழும். பிறகு வீட்டில் கதவு சாத்தப்படும், அவள் இடம் வீணாகும். இல்லையென்றால் அம்மா அழுது, அப்பாவுக்குப் போன் அடித்து, கடைசியில் இவளே வேண்டாமென்று கடிதம் எழுத வேண்டும். எழுதுவதும் இவள்தானே. அறையில் ஹீட்டர் அதிகம். யூலியா ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“அம்மா ஓம் என்கிறார்,” என்றாள் நோர்வேஜிய மொழியில். “ஆனால் அது உங்களுக்கான மரியாதை. வீட்டுக்குப் போய்க் கதைப்போம் என்று எனக்குச் சொன்னார். எங்கள் வீட்டில் அதற்கு இல்லை என்று அர்த்தம்.”

பெரித் பேனாவை வைத்தார்.

“என்ன சொன்னனீ?” என்றார் ஞானமலர்.

யூலியா சொன்னாள், ஒரு சொல் விடாமல். அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் பெரித்தை நேரே பார்த்தார். மொழிபெயர்ப்பு தேவைப்படாத ஒரே சொல்லாகச் சொன்னார்:

“நெய்.”

இல்லை. நோர்வேஜிய மொழியில், முதல் தடவையாக, ஒரு நோர்வேக்காரியின் முகத்துக்கு நேரே. பெரித் தலையாட்டி எழுதினார்.

பஸ்ஸுக்கு நாற்பது நிமிடம் இருந்தது. தரிப்பிடத்தில் மழைத் தூறல்.

“நானும் மனுசிதானே பிள்ளை. நீயும் போனா நான் அந்த வீட்டிலை ஆரோடை இருக்கிறது?” என்றார் ஞானமலர். “சரி, அடுத்த வருசம் கேப்பம். அதுக்குள்ள நானும் கொஞ்சம் பாசை படிக்கிறன்.”

“அடுத்த வருசம் ஏலாதம்மா. மேல்பள்ளியிலை ரெண்டாம் வருசம் மட்டும்தான் போகலாம். எனக்கு இதுதான் ஒரே முறை.”

ஞானமலர் திரும்பிப் பார்த்தார்.

“அதை ஏன் உள்ளுக்கை எனக்குச் சொல்லேல்லை?”

“அதை பெரித் கேக்கேல்லை.”

ஞானமலர் எழுந்து விடுதிப் பக்கம் நாலடி நடந்தார். வாசலில் ஆரணியும் தாய் தகப்பனும் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். கதவு சாத்தப்பட்டது. அங்கே போய் என்ன சொல்வதென்றாலும், அதைச் சொல்ல மகள்தான் வேண்டும். அவர் திரும்பி மகளைப் பார்த்தார். யூலியா பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.